இந்த வருஷத்துச் சிறந்த லீடு

கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா சார்? இல்ல இல்ல, ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க. நான் எப்ப வேணா இறங்க வேண்டியிருக்கும். இந்தப் பொட்டலத்தை மட்டும் நடுவில வச்சுக்கறேன். கண்ணாடி. ஷீல்டு. பரவால்ல, உங்க மேல இடிக்காது.

நீங்க எங்க இறங்கறீங்க? திருவெறும்பூரா? நல்லது. நான் துவாக்குடிக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். ஆனா துவாக்குடிக்குப் போகல. எங்க இறங்கணும்னு எனக்கே இன்னும் தெரியாது. கண்டக்டர்கிட்ட அதைச் சொன்னேன். "அப்ப கடைசி வரைக்கும் எடுத்துக்குங்க பெரியவரே, நடுவில ஞாபகம் வந்தா இறங்கிக்குங்க"ன்னு சிரிக்கறான். மறதி இல்லப்பா, இன்னிக்கு நாங்க வீடு மாத்தறோம், புது வீடு எங்கேன்னு என் சம்சாரம் போன்ல சொல்லுவான்னு சொன்னேன். அதுக்கு இன்னும் அதிகமாச் சிரிக்கறான்.

இருங்க, போன் வந்த மாதிரி இருந்துச்சு. இல்ல. உங்க போனா? அதுவும் இல்லையா?

கையில வச்சிருக்கீங்களே, அந்த நோட்டீஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல குடுத்ததுதானே? "மனை வாங்குங்கள், தங்கக் காசு வெல்லுங்கள்." ரிடையர் ஆயிட்டீங்களா சார்? போன மாசமா? அதான். கையில பணம் வந்ததும் இந்த நோட்டீஸ்காரனுக்கு எப்படித்தான் தெரியுமோ. சார், தப்பா நினைக்காதீங்க, அதை மடிச்சுப் பையில வைங்க. மனையைப் பத்தி நோட்டீஸ் பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. ஆளுங்களைப் பார்த்துத் தெரிஞ்சுக்கணும். இந்தாங்க என் கார்டு. தணிகாசலம். "முதல் வீடு நண்பர்கள் வட்டம்", துணைச் செயலாளர். புதுசா வீடு, மனை வாங்கறவங்களுக்கு வழி காட்டறதுதான் எங்க வேலை. ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு, சத்திரம் பக்கத்துல ஓட்டல் மாடியில கூடுவோம். பொங்கல், வடை, காபி உண்டு. முதல் தடவை வர்றவங்களுக்கு இலவசம்.

விலாசத்தைப் பார்க்காதீங்க. தென்னூர்னு போட்டிருக்கும். அது நேத்து வரைக்கும்.

முதல்ல ஒண்ணு சொல்றேன், கேளுங்க. ஒரு தெருவுல வீடு விலைக்கு வருதுன்னா, புரோக்கருக்குத் தெரியறதுக்கு முன்னால மூணு பேருக்குத் தெரியும். துணி தேய்க்கறவர், கரண்ட் ரீடிங் எடுக்கறவர், கேன் தண்ணி போடற பையன். இந்த மூணு பேரோட பழகுங்க. நின்னு பேசுங்க. திருச்சியில எந்தத் தெருவுல யார் வீட்டை விக்கப் போறாங்க, யார் வீட்டுல பாகப்பிரிவினை, யாருக்கு அமெரிக்கா விசா வந்துருக்கு, எல்லாம் எனக்குத் தெரியும். எதுவும் நான் போய்க் கேக்கறதில்ல. தானா காதுக்கு வரும்.

ரெண்டாவது, மழையில போய்ப் பாருங்க. வெயில்ல எல்லா மனையும் அழகாத்தான் இருக்கும். கொட்டற மழையில குடை பிடிச்சுக்கிட்டுப் போய் நில்லுங்க. தண்ணி எங்க நிக்குதுன்னு தெரியும். மூணாவது, முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்க. அப்புறம் தாய்ப் பத்திரம். இப்ப விக்கறவருக்கு யார் வித்தாங்க, அவங்களுக்கு யார் வித்தாங்கன்னு அடி வரைக்கும் போகணும். வீடா இருந்தா, பரண் இருக்கான்னு பாருங்க. யாரும் பார்க்க மாட்டாங்க. குடி போனதுக்கப்புறம் அண்டாவைத் தூக்கிக்கிட்டு நிப்பாங்க.

நானா? நான் எத்தனை வீடு வாங்கியிருக்கேனா?

எல்லாரும் இதைத்தான் சார் முதல்ல கேக்கறாங்க. நீச்சல் சொல்லிக் குடுக்கறவன் கரையிலதானே நிக்கறான்? பத்து வருஷத்துல இருநூறு வீடாவது பார்த்திருப்பேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு குறை இருந்துச்சு. அந்தக் குறையைக் கண்டுபிடிக்கறதுதான் சார் திறமை. வாங்கறதுக்கு என்ன, பேனா இருந்தா போதும்.

காந்தி மார்க்கெட் வந்துருச்சா? இன்னும் போன் இல்ல. நான் பண்ணினா எடுக்க மாட்டேங்கறா. சாமான் இறக்கிக்கிட்டிருப்பா. குட்டி யானை வண்டியில ரெண்டு நடை சொல்லியிருந்தா. காலையில ஆறு மணிக்குப் பால் காய்ச்சியாச்சு. நான் போகல. எங்க வட்டத்துக்கு இன்னிக்கு ஆண்டு விழா, நாற்காலி போடற பொறுப்பு என்னுது. "நீங்க விழாவுக்கே போங்க. இங்க வந்தா ஈசானிய மூலை எதுன்னு தேடிக்கிட்டிருப்பீங்க, பால் பொங்கி வழிஞ்சுடும்"னு அவளே சொல்லிட்டா. மங்கையர்க்கரசி அவ பேரு. மங்கைன்னு கூப்பிடுவோம். ஒரு லேபுல ரத்தம் எடுக்கற வேலை. இருபத்து நாலு வருஷமா ஊசி குத்தறா, ஒருத்தர் முகம் சுளிச்சதில்ல. கோவமாப் பேச மாட்டா. பேசறதை நிறுத்திடுவா.

விலாசத்தை ஏன் முன்னாலயே சொல்லலன்னு பார்க்கறீங்க. அது ஒரு கதை. வாடகைக்குத்தான் சார் பார்த்தோம். பதினோரு வீடு. காட்டூர்ல ஒரு வீடு அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நான் சும்மா ஓனர்கிட்ட, "தாய்ப் பத்திரம் ஒரு நகல் கிடைக்குமா?"ன்னு கேட்டேன். அந்த மனுஷன் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "வாடகைக்குத்தானே வந்தீங்க?"ன்னார். ஆமான்னேன். "என் சம்பந்தி கூட இவ்வளவு கேக்கலையே"ன்னு கேட்டைச் சாத்திட்டார். இன்னொரு இடத்துலயும் அப்படித்தான். அதுக்கப்புறம் இவ தனியாத்தான் போய்ப் பார்த்தா. "வீடு கிடைச்சுருச்சு. எங்கேன்னு குடி போற அன்னிக்குச் சொல்றேன்"னுட்டா. பார்த்தீங்களா, என்னைப் பத்தி எவ்வளவு பயம்!

சரி, தென்னூர் வீட்டை ஏன் விட்டீங்கன்னு கேக்கறீங்க. சொல்றேன். நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதுதான்.

அது ஹபீப் பாய் வீடு. பதினேழு வருஷம் இருந்தோம். என் பொண்ணு வேணிக்கு ஒரு வயசு, நாங்க குடி வரும்போது. இப்ப பிளஸ் டூ முடிச்சுட்டா. நல்ல மனுஷன் பாய். ஒரே ஒரு கண்டிஷன், சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. பழைய சுண்ணாம்புச் சுவர், பொரிஞ்சு விழும். அதனால பதினேழு வருஷமும் காலண்டர் ஜன்னல் கம்பியிலதான் தொங்கும். காத்தடிச்சா படபடன்னு அடிச்சுக்கும். மங்கை அப்பப்ப அதைப் பார்த்துக்கிட்டே, "நமக்குன்னு ஒரு சுவர் இருந்தா முதல்ல ஒரு ஆணி அடிக்கணுங்க"ன்னுவா. வேற ஒண்ணும் கேக்க மாட்டா. பொம்பளைங்களுக்கு இந்த மாதிரி சின்ன ஆசைதான் சார்.

போன ஐப்பசியில பாய் வந்தார். மகன் பெங்களூருக்குக் கூப்பிடறான், வீட்டை விக்கப் போறேன்னார். "இன்னும் யார்கிட்டயும் சொல்லல சார். உங்களுக்குத்தான் முதல்ல. நீங்க இருந்த வீடு, நீங்களே வச்சுக்கிட்டா எனக்கு நிம்மதி"ன்னார். விலையும் சொன்னார். நியாயமான விலைதான். நியாயத்துக்கும் கீழேன்னே சொல்லலாம். அடுப்படியில பாத்திரச் சத்தம் நின்னு போச்சு. மங்கை கேட்டுக்கிட்டிருக்கா.

நான் என்ன செஞ்சேன்? உடனே தலையாட்டினா அது ஆரம்பிக்கறவன் செய்யற தப்பு. மூணு குறை சொன்னேன். ஒண்ணு, தெற்கு வாசல். ரெண்டு, எழுபத்து நாலாம் வருஷத்துப் பத்திரத்துல சாட்சியோட இனிஷியல் ஒரு இடத்துல மாறியிருக்கு. மூணு, பரண் இல்ல. "தை வரைக்கும் பார்ப்போம் பாய்"னேன். தையில பாய்க்கு அவசரம் வரும், விலை தானா இறங்கும்னு கணக்கு. பாய் சரின்னுட்டுப் போனார். மங்கை வந்து, "பதினேழு வருஷமா அந்தத் தெற்கு வாசல் வழியாத்தானே வந்து போறீங்க?"ன்னா. வாடகை வேற, வாங்கறது வேறன்னு விளக்கினேன். அன்னிக்குத்தான் பேச்சை நிறுத்தினா.

இப்ப எங்க வட்டத்துல ஒரு வழக்கம் இருக்கு சார். வாரா வாரம் ஒவ்வொருத்தரும் ஒரு லீடு கொண்டு வரணும். இன்ன இடத்துல இன்ன வீடு விலைக்கு வரப் போகுதுன்னு ஒரு தகவல். அதுக்குத்தான் லீடுன்னு பேரு. துண்டுச் சீட்டுல எழுதிப் பிஸ்கட் டப்பாவுல போடணும். தலைவர் ஒவ்வொண்ணா எடுத்துப் படிப்பார். லீடு இல்லாதவங்க எழுந்து நின்னு, "இந்த வாரம் நான் தூங்கிட்டேன்"னு எல்லார் முன்னாலயும் சொல்லணும். அப்புறம்தான் வடை. மூணு வருஷத்துல நான் ஒரு தடவை கூட அப்படி நின்னதில்ல. அது ஒரு பேரு சார் எனக்கு. சில வாரம் ரெண்டு சீட்டுப் போட்டிருக்கேன்.

அந்த ஐப்பசியில மழையோ மழை. துணி தேய்க்கறவர் வண்டியை எடுக்கல. ரீடிங்காரர் லீவு. ஞாயித்துக்கிழமை காலையில டப்பா என்னை நோக்கி வருது. பக்கத்து ஆள் போட்டாச்சு. என்கிட்ட ஒண்ணுமில்ல. தலைவர் பார்க்கறார். கை தானா எழுதிருச்சு. "தென்னூர், ஹபீப் பாய் வீடு."

நீங்க தலையில கை வைக்காதீங்க சார். நான் வாங்கறதுக்குச் சொல்லல. எப்படிப் பொறுமையாக் காத்திருக்கணும்கறதுக்கு உதாரணமாச் சொன்னேன். எழுந்து நின்னு மூணு குறையும் விளக்கினேன். "நல்ல வீடு, நல்ல விலை, ஆனாலும் அவசரப்படக் கூடாது. தை வரைக்கும் காத்திருக்கணும்"னேன். எல்லாரும் கை தட்டினாங்க. புதுசா சேர்ந்த ஒருத்தர், ஜோதிலிங்கம்னு, செல்போன் கடை வச்சிருக்கார், நான் சொல்றதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதிக்குவார். அன்னிக்கும் எழுதிக்கிட்டார். என்ன பணிவு! விலை எவ்வளவுன்னு மட்டும் ரெண்டு தடவை கேட்டார்.

மறுநாள் திங்கள்கிழமை பத்து மணிக்குப் பாய்கிட்ட போய், சொன்ன விலைக்கே அட்வான்ஸ் குடுத்துட்டார் சார்.

எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாய் எங்களைத் தேடி வந்தார், கையில ஒரு கிலோ அல்வா. "தணிகாசலம் சார், உங்க மனசு யாருக்கு வரும்? உங்களால வாங்க முடியலன்னாலும் நல்ல பார்ட்டியா அனுப்பி வச்சீங்களே"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். மங்கை அல்வாவை வாங்கிக்கிட்டா. தட்டுல வச்சா. பாய்க்கு ஒரு துண்டு, எனக்கு ஒரு துண்டு. பாய் போனதும், "நீங்களா அனுப்பினீங்க?"ன்னு ஒரு வார்த்தை. லீடுன்னேன். "ஓ"ன்னா.

அவ்வளவுதான். திட்டியிருந்தா கூடப் பரவால்ல.

இது எந்த ஸ்டாப்பு? பால்பண்ணையா? சார், உங்க போன்ல மணி எத்தனை? என் போன் சரியா வேலை செய்யுதான்னு பார்க்கணும், ஒரு மிஸ்டு கால் குடுங்களேன். கார்டுல நம்பர் இருக்கு. ஆங், வருது. போன் நல்லாத்தான் இருக்கு.

அப்புறம் தையில ஜோதிலிங்கம் வந்தார். வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டுக் கை கட்டிக்கிட்டு நிக்கறார். "சார், நீங்க சொல்லிக் குடுத்ததுதான். வீடு வாங்கினா ஆறு மாசத்துக்குள்ள பழைய குடியை மாத்திடணும், பழகினவங்ககிட்ட வாடகை ஏத்த முடியாதுன்னு. பதினாலாம் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன்"னு நோட்டைக் காட்டறார். ஆமா, நான் சொன்னதுதான். அதை யாருக்குச் சொல்றேன்னு அப்ப யோசிக்கல. என்னை விட வயசுல பத்து வருஷம்தான் சின்னவர், கால்ல விழ வர்றார். பங்குனிக்குள்ள காலி பண்றோம்னு மங்கைதான் பதில் சொன்னா. அவருக்குக் காபியும் குடுத்தா.

அவர் அவசரக்காரர் சார். நான் சொன்னதுல பாதியைத்தான் கேட்டார். தை வரைக்கும் காத்திருந்தா இன்னும் குறைச்சு வாங்கியிருக்கலாம். அதை அவர்கிட்டயே சொன்னேன்.

ஆனா ஒண்ணு. இந்தக் கஷ்டத்துல ஒரு நல்லது நடந்துச்சு. மங்கைக்கு என் விஷயத்துல ஆர்வம் வந்துருச்சு! பத்து வருஷமா நான் பேசறப்ப வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தவ, கார்த்திகையில ஒரு நாள் தானா வந்து, "தாய்ப் பத்திரம்னா என்னங்க?"ன்னா. சொன்னேன். ஒரு வாரம் கழிச்சு, "வில்லங்கம் எப்படிப் போடறது?"ன்னா. அதையும் சொன்னேன். என்னோட கருப்பு பைலைக் கூட எடுத்துப் படிச்சா, இன்னும் திருப்பித் தரல. அவ தங்கச்சி துறையூர்ல எதுவோ பத்திரம் பண்றாளாம், சாட்சிக் கையெழுத்துன்னு ரெண்டு தடவை பதிவாளர் ஆபீசுக்கு லீவு போட்டுட்டுப் போனா. பி.எப். ஆபீசுக்கும் நடந்தா. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக்கிட்டா. ஒரு நாள் சாயங்காலம் தொப்பலா நனைஞ்சு வர்றா, புடவை பூரா சேறு. எங்க போனேன்னா, "சும்மா, தண்ணி எங்க நிக்குதுன்னு பார்த்தேன்"ங்கறா. லேபுல நாள் பூரா நிக்கறவங்களுக்கு மூளை கொஞ்சம் களைச்சுப் போயிடும் சார்.

வளையலைக் கூடக் காணோம். கேட்டா, கையுறை மாட்டறப்ப இடிக்குதுன்னு கழட்டி வச்சுட்டாளாம். நாலையும்.

ஏன் சார் அப்படிப் பார்க்கறீங்க?

நேத்து சாமான் கட்டறப்ப பார்க்கறேன், புதுசா ஒரு சுத்தியல். கால் கிலோ ஆணி. வாடகை வீட்டுக்குப் போறவளுக்கு எதுக்கு சுத்தியல்? கேட்டேன். "இருக்கட்டும்"னா.

இந்த ஷீல்டா? பிரிச்சுக் காட்டட்டுமா? பாருங்க. "இந்த வருஷத்துச் சிறந்த லீடு. வழங்கப்பட்டவர்: திரு. தணிகாசலம்." எந்த லீடுக்குன்னா, தென்னூர் வீட்டுக்குத்தான் சார். சொன்ன மறுநாளே முடிஞ்ச லீடு எங்க வட்டத்துல அது ஒண்ணுதான். ஜோதிலிங்கம்தான் பொன்னாடை போத்தினார். மைக்லயும் பேசினார். "சார் இல்லன்னா எனக்கு வீடே இல்ல"ன்னார். எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. நானும் தட்டினேன்.

அங்க இருந்து கிளம்பினப்பதான் சார், எந்தப் பஸ்ல ஏறறதுன்னு தெரியல. நூத்தி முப்பது பேர் கார்டு பாக்கெட்ல இருக்கு. யாரைக் கேக்கறது? குட்டி யானை டிரைவர் காலையில "துவாக்குடி ரோடுதானே அக்கா?"ன்னு கேட்டது காதுல விழுந்துச்சு. அதை நம்பித்தான் இதுல ஏறினேன். ஒருவேளை மங்கை போனே பண்ணலன்னா? இல்ல, பண்ணுவா. பண்ணாம இருக்க மாட்டா. என் வேட்டி சட்டையெல்லாம் அங்கதானே இருக்கு?

காட்டூர் தாண்டியாச்சா? ரெண்டு தடவை எழுந்து நின்னுட்டேன், பின்னால இருக்கறவர் முறைக்கறார். நீங்க சொல்லுங்க சார், நான் செஞ்சதுல என்ன தப்பு? பொறுமையா இருக்கறது ஒரு தப்பா? நீங்க கூட ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க. மங்கை மாதிரியே...

இருங்க! வந்துருச்சு. ஹலோ! வேணி! எத்தனை தடவைம்மா அடிக்கறது? எங்க இறங்கணும்? சத்தமாச் சொல்லு, பஸ்ஸு. மலைக்கோயில் ஸ்டாப்பா? சரி. சரி. இறங்கி இடது பக்கம், ரேஷன் கடைக்கு எதிர்த் தெரு. என்ன சத்தம் அது? டொக்கு டொக்குன்னு? அம்மாவா? என்ன அடிக்கறா? ஆணியா! வேணி, போய் நிறுத்தச் சொல்லு! முதல் நாளேவா? காலண்டரா முக்கியம் இப்ப? ஓனர் பார்த்தா என்ன நினைப்பாங்க? என்ன? கேக்கல. ஓனர் அங்கயே இருக்காங்களா? எங்க?

திரும்பச் சொல்லும்மா.

ஸ்டூல் மேல நிக்கறது ஓனரா?

...

அம்மாகிட்ட குடு. குடும்மா. மங்கை. ம். சாப்பிட்டேன். அது இருக்கட்டும். வில்லங்கம் போட்டுப் பார்த்தியா? முப்பது வருஷத்துக்குமா? தாய்ப் பத்திரம்? மூணு பத்திரம் பின்னால போய்ப் பார்த்தியா. ம். சேறோட வந்தியே, அன்னிக்குத்தானா? ஓ, மூணு மழைக்குப் போனியா. வாசல்? தெற்கா... இல்ல, ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லலம்மா. என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை... சரி. புரியுது. புரியுதுங்கறேன்ல. ஷீல்டா? கையிலதான் இருக்கு. என்னது? ம்... சரி. வரேன்.

வச்சுட்டா.

சார், அந்தப் பேப்பரைக் குடுங்க, இதைச் சுத்திடறேன். இதுக்கும் ஒரு ஆணி அடிக்கவான்னு பின்னால வேணி குரல் கேட்டுச்சு. மங்கை சொல்லிட்டா, "வேணாம், அதைப் பரண்ல வச்சுக்கலாம்"னு.

கண்டக்டர்! மலைக்கோயில் ஒண்ணு இறங்கணும்! ஆமாப்பா, ஞாபகம் வந்துருச்சு, நீ சிரி.

அந்தக் கார்டைக் கிழிச்சுடுங்க சார். என்னவோ கேட்டீங்களே, எத்தனை வீடு வாங்கியிருக்கேன்னு. அதுக்கு வேற யாரையாவதுதான் நீங்க கேக்கணும்.

இருந்தாலும் பாருங்க, பரண் இருக்காம் சார். மறக்காமப் பார்த்து வாங்கியிருக்கா.